வலிப்பை எண்ணினேன், மறதியை எண்ணவில்லை

2022 ஆடி மாதம். பையன் அப்போது மூன்றாம் வகுப்பு. வாசலில் பாய் போட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவன் 'ம' எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்றான். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த ஒன்றரை வருடத்தில் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். தன் பேர், என் பேர், அத்தை பேர் எல்லாம் எழுதுவான். விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன். அவன் அழவில்லை. மறுபடியும் அதே எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த அடியை இன்றைக்கு நினைத்தாலும் கை கூசுகிறது. அவனுக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது. அது ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அதற்கு முன்னும் பின்னுமாக 50,700 ரூபாய் வீணானது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பெண்கள் உடைத்துக் கொடுக்கிற நண்டுச் சதையை எடை போட்டு, யாருக்கு எத்தனை கிலோ என்று நோட்டில் ஏற்றுவது என் வேலை. வீட்டுக்காரர் பஹ்ரைனில் ஒப்பந்தத்தில் கடலுக்குப் போகிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நான், அத்தை, பையன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அடகுக்கடை எல்லாம் நான் ஒருத்திதான். அவர் போனில் "என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். பாதி நாள் எனக்கே ஒன்றும் விளங்கியிருக்காது, அவருக்கு என்னத்தைச் சொல்ல?

கதை அவன் பிறந்த மூன்றாம் நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. 2014இல் பிறந்தான், எடை இரண்டு கிலோ நூறு. எனக்குப் பால் சரியாக ஊறவில்லை. அவன் சப்பவும் இல்லை, எந்நேரமும் தூக்கம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "தொந்தரவு பண்ணாத பிள்ளை" என்று மெச்சினார்கள். மூன்றாம் நாள் காலையில் கை வெடுக் வெடுக்கென்று இழுத்தது, உதடு நீலம் பாய்ந்தது. குதிகாலில் குத்திப் பார்த்ததில் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிப்போயிருந்தது. பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, வலிப்புக்கு மருந்தோடு அனுப்பினார்கள். ஒரு வயதில் மருந்தையும் நிறுத்தியாயிற்று. தலை நின்றது, நடந்தான், பேசினான். நாங்களும் மறந்துவிட்டோம். டிஸ்சார்ஜ் சீட்டு டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பட்டுக்கு அடியில் போய்விட்டது.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். எடை குறைந்து பிறந்த குழந்தையோ, சர்க்கரை நோய் உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையோ முதல் இரண்டு மூன்று நாளில் பால் குடிக்க எழுந்திருக்காமல் துவண்டு தூங்கினால் அதை நல்ல தூக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஒரு சொட்டு இரத்தம் போதும். பிறந்த குழந்தையிடம் சர்க்கரை இருப்பு குறைவு, மூளைக்கோ அதுதான் முக்கியமான எரிபொருள். ரொம்ப நேரம் இறங்கிக் கிடந்தால் மூளையில் தழும்பு விழும், பெரும்பாலும் பின்பக்கம், பார்வையைக் கையாளும் இடத்தில். இது எனக்குத் தெரியவந்தபோது பையனுக்கு எட்டரை வயது.

மூன்றரை வயதில் வலிப்பு திரும்பியது. வெட்டி இழுக்கிற வலிப்பு என்றால் யாருக்கும் தெரிந்திருக்கும். இவனுக்கு அப்படி வரவில்லை. "அம்மா, லைட்டு வருது" என்பான். கண் இரண்டும் இடது பக்கம் போய் நிற்கும், அப்புறம் வாந்தி. பித்தம் என்று நினைத்து எத்தனை தடவை இஞ்சிச் சாறு கொடுத்தேன் தெரியுமா? ஐந்து வயதில் ஒருநாள் மீன் இறங்குதளத்தில் என் கூட நின்றவன் அப்படியே சரிந்தான், இந்தத் தடவை கை கால் எல்லாம் இழுத்தது. ஓடிவந்தவர்கள் நல்லவர்கள்தான். ஒருவர் வண்டிச் சாவியைக் கையில் திணித்தார், ஒருவர் டீக்கடையிலிருந்து கரண்டி கொண்டுவந்து பல்லுக்கு நடுவே விட்டார். ஒரு பால் பல் உடைந்து இரத்தம் கொட்டியதுதான் மிச்சம். இரும்பால் வலிப்பு நிற்காது. அது தானாக நிற்கிற நேரத்தில் சாவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துண்டு கொடுத்து, வாயில் எதையும் விடாமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இப்போது என் பையில் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே எப்போதும் உண்டு. எடைக்கு ஏற்ப எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் புட்டியிலேயே ஒட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடத்திலும் ஒன்று கொடுத்திருக்கிறேன்.

வால்ப்ரோயேட் மருந்து ஆரம்பித்ததும் வலிப்பு அடங்கியது. நடுவில் ஒரே ஒரு தடவை, 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது. இரண்டு நாளுக்குத்தான் மருந்து இருந்தது, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். மறுநாள் பஸ் இல்லை. இங்கே கிடைக்காத மருந்து, ராமநாதபுரம் போய்த்தான் வாங்க வேண்டும், நாற்பது கிலோமீட்டர் போல. மூன்று வேளை தவறியது, வலிப்பு வந்தது. கடற்கரை ஊர்க்காரர்கள் ஐப்பசி பிறந்ததும் அரிசி பருப்பு சேர்த்து வைப்பது போல மாத்திரையும் பதினைந்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: கடல் நம் வாசலில் இருக்கிறது. வலிப்பு உள்ள பிள்ளையைத் தனியாகக் குளிக்க விடாதீர்கள், முழங்கால் தண்ணீர் என்றாலும் சரி. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் புயலுக்குப் பிறகு வலிப்பே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப்போவேன். "வலிப்பு வந்துச்சா?" "இல்ல சார்." "சரி, அதே மருந்து." மூன்று நிமிடம். நானும் சந்தோஷமாகத் திரும்பி வருவேன். வலிப்பு வந்த தேதி, நேரம் எல்லாம் கம்பெனி நோட்டு மாதிரி கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டில் ஒன்றரை வருடம் வெறும் பக்கம். வலிப்பு நின்றுவிட்டது, இனி எல்லாம் தன்னால் சரியாகும் என்றுதான் நானும் நம்பினேன், டாக்டரும் நினைத்தார். அவரிடம் படிப்பைப் பற்றி நான் பேசவே இல்லை. அது டீச்சரிடம் பேச வேண்டிய விஷயம் என்று ஒரு நினைப்பு. வலிப்பு வேறு, அந்த மூளையின் மறதி, கவனக்குறைவு, தாமதம் வேறு. ஒன்று நின்றாலும் மற்றது நிற்காது, தனியாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம்.

பள்ளிக்கூடம் திறந்தபின் புகார் வர ஆரம்பித்தது. பலகையில் இருப்பதை எழுதுவதில்லை, இரண்டு வரி எழுதி மூன்றாவது வரியைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போய்விடுகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை. கண்ணாடி போட்டுப் பார்த்தோம், 1,800 ரூபாய். கண் டாக்டர் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, லேசான பவர்தான் என்றார். டியூஷன் மாதம் 600, பதினான்கு மாதம். ஞாபக சக்திக்கு என்று ஒரு லேகியம் 4,500. எல்லாவற்றையும் விட, ஒரு ஊரில் மூளைப் பயிற்சி மையம் என்று போர்டு போட்டிருந்த இடத்தில் மூன்று மாதத்துக்கு 36,000 கட்டினேன். மூன்று பவுன் சங்கிலியை வைத்த பணம். சனிக்கிழமை தோறும் போனால் ஒரு பெண் அவனுக்கு மணி கோக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடிவில் ஒரு சீட்டு கொடுத்தார்கள், 'நல்ல முன்னேற்றம்' என்று. அந்த வாரம்தான் அவன் தன் பெயரின் முதல் எழுத்தையும் மறந்தான். இப்படிப்பட்ட இடத்தில் பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: பயிற்சி கொடுப்பவர் என்ன படித்திருக்கிறார், என் பிள்ளையின் மருத்துவ அறிக்கையை யார் படித்துப் பார்க்கப்போகிறார்? இரண்டாவதற்கு அவர்கள் சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

அத்தை தன் பங்குக்கு ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டார், ஏர்வாடி தர்காவுக்கும் கூட்டிப்போனார். நான் குறை சொல்ல மாட்டேன். ஏர்வாடியில் மூன்று ராத்திரி தங்கினோம், அங்கே யாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னது எங்கள் தெருக்காரர்கள்தான். "அந்த மருந்துதான் பிள்ளையை மந்தமாக்குது" என்று. அதில் ஒரு துளி உண்மையும் இருந்ததால்தான் எனக்குக் குழப்பம். வலிப்பு மருந்துகளில் சில கவனத்தையும் வேகத்தையும் குறைக்கும், சில கோபத்தை ஏற்றும், டோபிரமேட் போன்றவற்றில் சில பிள்ளைகளுக்குச் சொல்ல வந்த வார்த்தை வாயில் வராது. ஆனால் அதை டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். நாமாக நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஏர்வாடி என்றதும் எனக்கு வேறொரு பயம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் 28 பேர் செத்துப்போனார்கள். நான் எட்டாம் வகுப்பு. பேப்பரில் வந்த படத்தை அப்பா மடித்து ஒளித்து வைத்தார். எங்கள் பக்கத்தில் 'மனம்', 'மூளை' என்று தொடங்கும் எந்த நோயையும் வெளியே சொல்லக் கூசுவதற்கு அந்த நாளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பள்ளியில் ஒரு டீச்சர், வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு முகாம் நடக்கிறது, கூட்டிப்போங்க என்று முதல் வருடமே சொன்னார். நான் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் போனேன், வேறு வழி இல்லாமல்.

அந்த முகாமில்தான் எல்லாம் திரும்பியது. சிறப்பாசிரியர் ஒருவர், என்னைவிட வயது குறைவு, பையனிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு என்னிடம் கேட்டார்: "அக்கா, இவன் இதெல்லாம் கத்துக்கவே இல்லையா, இல்ல கத்துக்கிட்டதை மறக்கிறானா?" இத்தனை பேரைப் பார்த்தும் ஒருவரும் கேட்காத கேள்வி. கத்துக்கிட்டான், மறந்துட்டான் என்றேன். எப்போதிலிருந்து என்றார். வீட்டுக்கு வந்து அவனுடைய பழைய நோட்டுகளைத் தேடி எடுத்தேன். ஒன்றாம் வகுப்பு நோட்டில் முழுச் சொற்கள். இரண்டாம் வகுப்புக் கடைசியில் எழுத்துகள் உடைகின்றன. மூன்றாம் வகுப்பு நோட்டில் வட்டம் வட்டமாகக் கிறுக்கல். மூன்றையும் வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்தபோது வயிற்றைப் புரட்டியது. பிள்ளைகளின் பழைய நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். டாக்டரிடம் காட்ட அதைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஆசிரியர் சொல்லித்தான் மதுரையில் குழந்தைகளுக்கென்றே உள்ள நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் நோட்டுகளைப் புரட்டினார், டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்தார், தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் ஓட்டத்தைப் பதிகிற பழைய இ.இ.ஜி.யைப் பார்த்தார். "இது முழிச்சிருக்கும்போது எடுத்தது. தூங்கும்போது எடுத்ததா ஒண்ணும் இல்லையே?" என்றார். எடுக்கவே இல்லை. முதல் நாள் ராத்திரி தூங்க விடாமல் கூட்டி வாருங்கள், இங்கே வந்து தூங்கட்டும் என்றார்.

2023 பிப்ரவரி. பாம்பன் பழைய பாலத்தில் முந்தின டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டதால் வண்டிகள் மண்டபத்திலேயே நின்று திரும்பிக்கொண்டிருந்தன. எங்களுக்கு அது வசதி, ஏறி உட்கார இடம் கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்கு அத்தை தூங்கிவிட்டார். எட்டரை வயதுப் பிள்ளையை விடிய விடிய முழிக்க வைப்பது சாதாரண வேலை இல்லை. முறுக்கு, தாயம், முகம் கழுவல், வாசலில் நடை எல்லாம் ஒரு மணிக்குள் தீர்ந்துவிட்டது. பிறகு மீன் விளையாட்டு. நான் அடையாளம் சொல்வேன், அவன் பேர் சொல்ல வேண்டும். "ஒடம்பு வெள்ளி, வாயில முன்னாடி கூரான பல்லு, வெட்டுனா நடுமுள்ளு மட்டும்." "சீலா." "தட்டையா இருக்கும், வாலுல முள்ளு." "திருக்கை." எழுத்து மறந்தவன் இதில் ஒன்றும் மறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. விடியற்காலை ரயிலில் மூன்று தடவை கண் சொருகினான், மூன்று தடவையும் முகத்தில் தண்ணீர் அடித்தேன். எதிரில் இருந்த பாட்டி, "பெத்தவளா நீ?" என்று திட்டினார். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

தலையில் ஒயர்களை ஒட்டிய ஐந்தாவது நிமிடம் தூங்கினான். திரையைப் பார்த்த டெக்னீஷியன் பேசாமல் எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தார். பையன் அசையவே இல்லை, அமைதியாகத் தூங்குகிறான். திரையில் மட்டும் கோடு முழுக்கக் குத்துக் குத்தாக ஓடியது, நிற்கவே இல்லை. தூக்கத்தில் தொடரும் மின் வலிப்பு, உடம்பில் எதுவும் தெரியாது என்றார் டாக்டர். பிறக்கும்போது மூளை அடிபட்ட பிள்ளைகளுக்கு இந்த வயதில் வரக்கூடியது. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "பகல்ல நீங்க எழுதுற எடைக் கணக்கையெல்லாம் ராத்திரி பேரேட்டுல ஏத்தணும்ல? ஏத்தவிடாம ஒருத்தன் விடிய விடிய பேனாவைத் தட்டிவிட்டுட்டே இருந்தா? படிச்சது மனசுல பதியறது தூக்கத்துலதான்மா" என்றார். பதினான்கு மாத டியூஷன் எங்கே போனது என்று எனக்கு அப்போது விளங்கியது.

பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டு, அல்லது பிறக்கும்போது மூளையில் அடி உண்டு, இப்போது தெரிந்ததை மறக்கிறது, பேச்சு குறைகிறது, குணம் மாறுகிறது என்றால் வலிப்பு வராவிட்டாலும் தூக்க இ.இ.ஜி. பற்றிக் கேளுங்கள். பகலில் அரைமணி நேரம் எடுத்தது நன்றாக வந்தாலும் கேளுங்கள். அடுத்து, வேறு வலிப்புகளுக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமாசெபின் மாதிரிச் சில மருந்துகள் இந்த வகையைக் கூட்டிவிடலாம். அதனால் என்னென்ன மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்ற பட்டியல் கையில் இருக்கட்டும்.

இவனுக்கு க்ளோபசாம் என்ற வலிப்பு மருந்தும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு மாதங்கள் ஒரு தனிப் பாடு. முகம் நிலா மாதிரி உப்பியது, நடுராத்திரி எழுந்து சோறு கேட்டான், கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும். வாராவாரம் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வேண்டும், காய்ச்சல் உள்ளவர் பக்கம் விடக் கூடாது, அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. ஆறாவது வாரம் கம்பெனிக்கு வந்தவன் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து "ம...ண்...ட" என்றான். எடை போட்டுக்கொண்டிருந்த தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் திரும்பவில்லை. முக்கால்வாசி வந்தது. கணக்கு இன்னும் இழுபறிதான்.

இரண்டாவது விஷயம் ஸ்கேனில் தெரிந்தது. மூளையின் பின்பக்கம் இரண்டு புறமும் தழும்பு. இது மருந்தால் போகாது. கண் பார்க்கிறது, பார்த்ததை மூளை பிரித்தெடுக்கச் சிரமப்படுகிறது. எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை கண்முன்னே நடந்தும் எனக்குப் புரியாமல் இருந்தவை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒரு காரல் மீனைக் கையில் கொடுத்தால் உடனே பேர் சொல்வான். பெட்டியில் காரல், சூடை, நகரை கலந்து கிடக்கும்போது காரலை எடுடா என்றால் கை அலையும், எடுக்க மாட்டான். வாசலில் பத்து ஜோடி செருப்பு கிடந்தால் தன்னுடையதை விட்டுவிட்டு வெறுங்காலோடு போவான். சிமெண்ட் தரை முடிந்து ஓடு பதித்த தரை தொடங்கும் இடத்தில் படி என்று நினைத்துக் காலைத் தடவுவான். நிஜமான படியில் விழுவான், கீழ்ப்பக்கப் பார்வை அவனுக்குக் குறைவு. கூட்டத்தில் நான் இரண்டடி தள்ளி நின்றாலும் அழுவான். இதற்கெல்லாம் நான் கொடுத்த பெயர் சோம்பேறித்தனம், திமிர், செல்லம்.

வழி எளிதாகத்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டையில், கறுப்பு மை பூசி, ஒரு வரி மட்டும் தெரியும் அளவுக்கு நீளமாக ஒரு ஜன்னல் வெட்டினேன். புத்தகத்தின் மேல் வைத்து வரி வரியாக இறக்க வேண்டும். முதல் நாளே நான்கு வரி விடாமல் படித்தான். படங்களும் பூக்களும் நிறைந்த பக்கத்தைவிட வெறும் பக்கத்தில் பெரிய எழுத்து அவனுக்குச் சுலபம். பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதை விட்டு, டீச்சர் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். பாடத்தை வாயால் சொல்லி, வாயால் பதில் வாங்குவோம், நன்றாக வரும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். ஏழு வரை பதில் இருக்காது, எட்டில் வரும். நாம் மூன்றிலேயே "தெரியாதா?" என்று கேட்டுவிடுகிறோம். செருப்புக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினேன், படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட். நான் வெளியே கூட்டிப்போகும்போது எப்போதும் அதே ஆரஞ்சு நிறத் துப்பட்டா.

அறிவுத்திறன் சோதனை பற்றி ஒரு வார்த்தை. அவன் மோசமாக இருந்த காலத்தில் எடுத்ததில் 58 வந்தது. ஸ்டீராய்டு முடிந்து ஒரு வருடம் கழித்து எடுத்ததில் பேச்சு சார்ந்த பகுதி 84, படம் அடுக்குவது போன்ற கண் சார்ந்த பகுதி 56. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் அந்தப் பிள்ளை யார் என்றே தெரியாது. பகுதி பகுதியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்து மாற்றிய உடனேயோ, வலிப்பு வந்த வாரத்திலோ சோதனை வைக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு நான் வெட்கப்பட்டு வீணாக்கியது ஒன்றரை வருடம். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, நாள்பட்ட நரம்பு நோய் எல்லாம் அதில் சேரும். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி. கண்ணுக்கான சான்றிதழ் இவனுக்குக் கிடைக்கவில்லை. பார்வை அளவு சரியாக இருப்பதால் அந்தக் கட்டத்துக்குள் அவன் வரவில்லை, இதில் எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. அறிவுசார் குறைபாடு என்று 50 சதவீதம் கொடுத்தார்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி வருகிறது, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை வைத்தியம் பார்க்கலாம். பெரிய தேர்வு எழுதும்போது கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்டு வாங்கலாம். ஆனால் சான்றிதழ் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் ஓடினால் அலைச்சல்தான். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிற திட்டத்தில் வருவது, செலவில்லை. நான் 36,000 கட்டிய பயிற்சியைவிட ஒழுங்கான பயிற்சி.

இப்போது ஆறாம் வகுப்பு. புதுப் பள்ளியில் சேர்க்கும் முன்பே தலைமை ஆசிரியரைப் பார்த்து ஒரே ஒரு தாள் கொடுத்தேன்: என்ன நோய், என்ன மருந்து, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், எதை அவனால் முடியும், எதை முடியாது. ஐந்து பக்க அறிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள், ஒரு தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்கள். என் நோட்டும் மாறிவிட்டது. வலிப்புப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கத்தில் அந்த மாதம் புதிதாகக் கற்றது எது, மறந்தது எது. டாக்டரிடம் இரண்டாவது பக்கத்தைத்தான் முதலில் நீட்டுகிறேன்.

மழைக்காலம் முடிந்ததும் அடுத்த தூக்க இ.இ.ஜி. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபின் ரயில் ராமேஸ்வரத்திலிருந்தே கூட்டத்தோடு வருகிறது, மண்டபத்தில் இடம் கிடைப்பது சந்தேகம். பஸ்ஸில் போனால் அவன் தூங்கிவிடுவான். இன்னொரு கவலையும் இருக்கிறது. விடிய விடிய முழிக்க வைக்கப் புதிதாக மீன் பேர் வேண்டும், என்னிடம் இருந்ததெல்லாம் அவனுக்குத் தெரிந்துபோய்விட்டது. கம்பெனி வாசலில் வலை பொத்துகிற பெரியவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன், பத்துப் பேர் சொல்கிறேன் என்றிருக்கிறார்.